சரிவு

சரிவு என்பது ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் அமைந்த நிலப்பரப்பைக் குறிக்கும் சொல் ஆகும். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் ஸ்லோப் என்னும் சொல், சாய்வாக எனப் பொருள்படும் அஸ்லோப் என்ற பழைய சொல்லிலிருந்து சுருங்கி வந்தது. இன்று அது பேச்சுத் தமிழிலும் கலந்துவிட்டது. ஆயினும் அந்த ஒரு சொல் குறிக்கும் பொருள்கள் அனைத்தையும் தமிழில் ஒரே சொல்லால் குறிக்க இயலாது. சரிவு, சாய்வு, வாட்டம், சாய்தளம், ஏற்றம், இறக்கம் எனப் பல சொற்கள் அவ்வவ்விடத்திற்கேற்ப வழங்குகின்றன. இக்கட்டுரையில் பெரும்பான்மையான எடுத்துக்காட்டுகள், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்த இராசபாளையம், திருவில்லிபுத்தூர் பகுதிகளிலிருந்து தரப்படுகின்றன.

சொற்பொருள்

சரி என்னும் வினை நழுவுதலையும் கீழிறங்குதலையும் குறிக்கும். சாய் என்னும் வினை நேர்நிலையிலிருந்து ஒருபுறம் ஒதுங்குதலைக் குறிக்கும். சுவர் சாய்கிறது, மண் சரிகிறது. எனவே சரிவு என்ற சொல்லில் கீழ்நோக்கிய இயக்கம் உள்ளடங்கியுள்ளது. ஆங்கிலச் சொல்லுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. மேலே ஏறும் நிலத்தையும் கீழே இறங்கும் நிலத்தையும் அது ஒருங்கே குறிக்கும். மொழிபெயர்ப்புகளில் சிலவேளை காணப்படும் "மேல்நோக்கிய சரிவு" என்னும் தொடர் தமிழ்க் காதுக்கு முரணாக ஒலிப்பதற்கு இதுவே காரணம். அங்கே ஏற்றம் என்று எழுதுவதே பொருந்தும்.

சங்க இலக்கியத்தில் மலைப்பக்கத்தைக் குறிக்கச் சாரல், அடுக்கம் ஆகிய சொற்கள் பயின்று வருகின்றன. இவற்றுள் சாரல் என்பது மலையிலிருந்து காற்றோடு வரும் தூறலுக்கும் பெயராயிற்று. குற்றாலம் முதலிய மலையடிவார ஊர்களில் இன்று சாரல் என்றால் தூறலே நினைவுக்கு வரும். மலைச்சரிவு என்ற பழம்பொருள் நூல்வழக்கில் மட்டுமே எஞ்சியுள்ளது.

நிலவியல்

இராசபாளையத்திற்கும் திருவில்லிபுத்தூருக்கும் மேற்கே மலை குறுகிய தொலைவிலேயே செங்குத்தாக உயர்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையின் பெரும்பகுதியை மலையின் கேரளப் பக்கத்தில் பொழிந்துவிடுவதால், கிழக்குச் சரிவு மழை மறைவுப் பகுதியாக உள்ளது. அக்டோபர் முதல் திசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையே இதற்கு முதன்மையான நீராதாரம். ஒரே மலையின் இரு சரிவுகளில் காடும் வேளாண்மையும் இவ்வளவு வேறுபடுவது இதனாலேயே. இச்சரிவிலுள்ள காடுகள் 1988ஆம் ஆண்டில் நரை அணில்களுக்கான காட்டுயிர்ப் புகலிடமாக அறிவிக்கப்பட்டன. 2021ஆம் ஆண்டில் மேகமலைக் காடுகளுடன் இணைத்து இப்பகுதி திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாக்கப்பட்டது. சரிவு முடிந்து சமவெளி தொடங்கும் அடிவாரத்தில் மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும் உள்ளன. இராசபாளையத்தின் பஞ்சவர்ணம், சப்பட்டை மாம்பழங்கள் பெயர்பெற்றவை.

அடிவாரத்திற்குக் கிழக்கே நிலம் சமதளமாகத் தோன்றினும், உண்மையில் வைப்பாற்றுப் படுகையை நோக்கி மெல்ல இறங்கிக்கொண்டே செல்கிறது. கண்ணுக்குப் புலப்படாத இந்த இறக்கத்தை அறிந்தே முன்னோர் கண்மாய்களை அமைத்தனர். மேற்பக்கம் திறந்திருக்க, தாழ்ந்த பக்கத்தில் மட்டும் பிறை வடிவில் கரை போட்டால் நீர் தானே தேங்கும். ஒரு கண்மாய் நிரம்பியதும் கலிங்கு வழியே மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குச் செல்லும். ஏற்றும் பொறி எதுவுமின்றி, சரிவு ஒன்றையே நம்பி இயங்கும் ஏற்பாடு இது. ஆகவே வரத்துக்கால்வாயை ஓரிடத்தில் மேடாக்கி வீடோ சாலையோ அமைத்தால், அவ்விடம் வெள்ளத்தில் மூழ்குவதோடு, கீழேயுள்ள கண்மாய்கள் அனைத்தும் வறண்டுபோகும். மனை வாங்குவோர் பலர் பட்டாவைப் பார்க்கும் அளவுக்கு நிலத்தின் சரிவைப் பார்ப்பதில்லை.

அய்யனார் கோயில் பகுதியில் மலையிலிருந்து இறங்கும் நீர், ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் தேக்கப்பட்டு இராசபாளையம் நகருக்குக் குடிநீராகிறது. அதேவேளை செங்குத்துச் சரிவில் ஓடும் ஓடைகள் பேரிடர் மிக்கவை. உச்சியில் பெய்யும் மழை சிறிது நேரத்தில் கீழே வெள்ளமாக வந்துவிடும். அடிவாரத்தில் நிற்பவருக்கு வானம் தெளிவாகவே தோன்றக்கூடும். 2015ஆம் ஆண்டு மே மாதத்தில் சதுரகிரி மலைக்குச் சென்ற பக்தர்கள் சிலர் இவ்வாறான திடீர் வெள்ளத்தில் உயிரிழந்தனர்.

நிலச்சரிவு

சரிவான நிலத்தின் மண்ணும் பாறையும் பெயர்ந்து கீழிறங்குவது நிலச்சரிவு அல்லது மண்சரிவு எனப்படும். கொட்டி வைத்த உலர்ந்த மணல் ஏறத்தாழ 30 முதல் 35 பாகை வரையிலான கோணத்தில்தான் நிலைத்து நிற்கும். இது ஓய்வுக் கோணம் எனப்படும். மலைச்சரிவுகள் இதைவிடச் செங்குத்தாக நிற்பதற்கு மண்ணின் ஒட்டும் தன்மையும் மரவேர்களின் பிணைப்பும் துணைபுரிகின்றன. தொடர்மழையில் மண்ணிடைவெளிகளில் நீர் நிறையும்போது எடை கூடுகிறது, பிடிப்பு குறைகிறது. சாலைக்காகச் சரிவின் அடிப்பகுதியை வெட்டினால் தாங்குநிலையும் போய்விடும். 2020 ஆகத்து 6 அன்று இடுக்கி மாவட்டம் பெட்டிமுடியில் ஏற்பட்ட நிலச்சரிவில் 70 பேர் இறந்தும் காணாமலும் போயினர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழ்த் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர் ஆவர்.

கணிதம்

ஒரு நேர்கோட்டின் சாய்வு என்பது, அதன் செங்குத்து உயர்வைக் கிடைத்தொலைவால் வகுக்கக் கிடைக்கும் எண் ஆகும். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இங்கே சரிவு என்னாது சாய்வு என்றே எழுதுகின்றன. ஏறும் கோட்டுக்கு மிகை எண்ணும் இறங்கும் கோட்டுக்குக் குறை எண்ணும் வருவதால், திசை சாராத சொல்லே ஏற்றது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இது படித்திறன் எனப்படுகிறது. 45 பாகைச் சாய்வு 100 விழுக்காடு ஆகும் என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். 100 விழுக்காடு என்றால் செங்குத்து எனப் பலரும் பிழையாகக் கருதுவதுண்டு.

பொறியியலில் இதனை விகிதமாகக் கூறுவது வழக்கம். நீலகிரி மலை இரயில் பாதையின் மிகச் செங்குத்தான பகுதியில் சாய்வு 12க்கு 1 ஆகும். அங்கே பற்சக்கரத்தின் துணையின்றி வண்டி ஏறாது. சக்கர நாற்காலியில் செல்வோருக்காகக் கட்டடங்களில் அமைக்கப்படும் சாய்தளத்திற்கு இந்தியாவில் பரிந்துரைக்கப்படும் உச்ச அளவும் இதே 12க்கு 1 தான். இரண்டடி உயர வாசலுக்கு 24 அடி நீளச் சாய்தளம் தேவை. இடமில்லை என்று இதைப் பாதியாகக் குறைத்தால், பிறர் உதவியின்றி ஏற இயலாது. இறங்கும்போது கவிழும் அபாயமும் உண்டு.

கட்டடத் தொழில்

கொத்தனார்கள் இப்பொருளில் பயன்படுத்தும் சொல் வாட்டம் ஆகும். மொட்டைமாடியில் தட்டோடு பதிக்கும்போதும் குளியலறைத் தரை போடும்போதும் நீர் தேங்காது வடிவதற்காக வாட்டம் விடுவர். தரை மட்டமாக உள்ளதா என ரசமட்டம் கொண்டு பார்ப்பர். தொலைவான இரு புள்ளிகளை ஒப்பிட நீர் நிரப்பிய குழாயைப் பயன்படுத்துவர். தென்மேற்கு உயர்ந்தும் வடகிழக்கு தாழ்ந்தும் இருக்க வேண்டும் என்னும் மனையடி வழக்கம், மேற்கே மலையுடைய இவ்வூர்களில் நிலத்தின் இயல்பான சரிவோடு ஓரளவு ஒத்துப்போகிறது.

பிற வழக்குகள்

செய்தித்தாள்களில் விலைச் சரிவு, பங்குச் சந்தைச் சரிவு எனக் குறைவுப் பொருளில் இச்சொல் மிகுதியாக வழங்குகிறது. ஆங்கிலத்தில் இவ்விடங்களில் ஸ்லோப் என்பது பொதுவாக வருவதில்லை. கடலடியில் கண்டத்திட்டு முடிந்து ஆழ்கடலை நோக்கி இறங்கும் பகுதி கண்டச்சரிவு எனப்படும்.

இயந்திரவியலில் சாய்தளம் எளிய பொறிகளுள் ஒன்று. ஆப்பு என்பது நகரும் சாய்தளமே. தேரோட்டத்தில் பெருந்தேரை நிறுத்தவும் திருப்பவும் சக்கரத்தின் கீழ் இடப்படும் முட்டுக்கட்டையும் இவ்வகையினதே. ஆடிப்பூரத்தன்று திருவில்லிபுத்தூரில் ஓடும் ஆண்டாள் தேர் போன்ற பெருந்தேர்கள் நான்கு வீதிகளையும் சுற்றிவர வேண்டுமாயின், கட்டையின் சாய்வும் அதை இடுபவரின் நேரக் கணிப்பும் பொருந்தியிருத்தல் வேண்டும்.