'நதியிலிருந்து கடல் வரை': ஒரு முழக்கம், ஏன் இத்தனை அர்த்தம்?

இன்ஸ்டாகிராமில் யாரோ ஷேர் செய்த பேரணி வீடியோவில் இந்த வரியைக் கேட்டிருப்பீங்க: 'ஃப்ரம் தி ரிவர் டு தி சீ, பாலஸ்டைன் வில் பி ஃப்ரீ'. நதியிலிருந்து கடல் வரை பாலத்தீனம் விடுதலை பெறும். இதைச் சொல்லி வேலை இழந்தவர் இருக்கிறார், நாடாளுமன்றக் கண்டனம் வாங்கியவர் இருக்கிறார், கோர்ட் படி ஏறியவர்களும் இருக்கிறார்கள். அப்படி என்னதான் இருக்கு இந்த வரியில்?

முதலில் மேப்பைத் திறங்க. நதி என்பது ஜோர்டான் நதி. கடல், மத்திய தரைக்கடல். இரண்டுக்கும் நடுவில் இன்றைக்கு இஸ்ரேல், மேற்குக் கரை, காசா மூன்றும் இருக்கின்றன. 1948 வரை பிரிட்டனின் ஆளுகையில் பாலத்தீனம் என்ற பெயரில் இருந்த நிலம் இதுதான். சுமார் 70 லட்சம் யூதர்களும் ஏறக்குறைய அதே அளவு பாலத்தீனர்களும் இங்கே வாழ்கிறார்கள். முழக்கம் நிலத்தின் எல்லையைச் சொல்கிறது. விடுதலைக்குப் பிறகு அங்கே யார், எப்படி வாழ்வார்கள் என்பதைச் சொல்வதில்லை. சண்டையே அந்தச் சொல்லாத பகுதியைப் பற்றித்தான்.

பாலத்தீனர்களிடம் கேட்டால் பலரும் 1948-லிருந்துதான் தொடங்குவார்கள். இஸ்ரேல் உருவான அந்தப் போரில் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தார்கள். 1967 போரில் மேற்குக் கரையும் காசாவும் இஸ்ரேல் வசம் போயின. இன்றும் மேற்குக் கரையில் இருப்பவர் ஜெருசலேம் போக இஸ்ரேலின் பர்மிட் வேணும். ஒரே குடும்பம் மூன்று விதமான சட்டங்களின் கீழ் சிதறிக் கிடக்கிறது. இவர்களுக்கு அந்த வரியின் பொருள், எங்கே இருந்தாலும் சம உரிமை என்பதுதான். யூதர்களை வெளியேற்றுவது என்று இவர்கள் சொல்வதில்லை.

யூதர்களில் பலருக்கு அது வேறு மாதிரி கேட்கிறது. நதி முதல் கடல் வரை பாலத்தீனம் என்றால், இஸ்ரேல் எங்கே? இது வீண் பயம் இல்லை. பாலத்தீன விடுதலை இயக்கத்தின் 1960-களின் சாசனம் முழு நிலத்தையும்தான் கேட்டது. 1993-ல்தான் அந்த இயக்கம் இஸ்ரேலை அங்கீகரித்தது. ஹமாஸ் 2017-ல் வெளியிட்ட ஆவணத்தில் இதே 'நதி முதல் கடல் வரை' இருக்கிறது. 2023 அக்டோபர் 7-ல் ஹமாஸ் தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்ட பிறகு, இந்த வார்த்தைகளைச் சாதாரணமாகக் கேட்க அவர்களால் முடியவில்லை.

ஒரு சின்ன முரணையும் கவனிங்க. இதே நிலக் கணக்கை மறுபக்கமும் போட்டிருக்கு. கடலுக்கும் ஜோர்டானுக்கும் இடையே இஸ்ரேலின் இறையாண்மை மட்டுமே இருக்கும் என்றது லிகுட் கட்சியின் 1977 தேர்தல் அறிக்கை. ஜோர்டானுக்கு மேற்கே உள்ள பகுதி முழுவதும் இஸ்ரேலின் பாதுகாப்புக் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்று 2024 ஜனவரியில் நெதன்யாகுவும் சொன்னார். அதற்கு யாருடைய வேலையும் போகவில்லையே என்று பாலத்தீனர்கள் கேட்டால், கேள்வி நியாயமானதுதான்.

வேலை, பதவி, வழக்கு

2018-ல் ஐ.நா.வில் பேசும்போது இதைச் சொன்ன பேராசிரியர் மார்க் லமாண்ட் ஹில்லை, மறுநாளே சிஎன்என் தன் விமர்சகர் குழுவிலிருந்து நீக்கியது. 2023 நவம்பரில் பாலத்தீன வம்சாவளி எம்.பி. ரஷீதா தலைப் மீது அமெரிக்க பிரதிநிதிகள் சபை 234-188 என்ற வாக்குகளில் கண்டனத் தீர்மானம் போட்டது. இது சமாதானமாகச் சேர்ந்து வாழ்வதற்கான அழைப்பு என்பது அவர் விளக்கம். பிரிட்டனில் ஆண்டி மெக்டொனால்டு, இஸ்ரேலியர், பாலத்தீனர் இருவரையும் பெயர் சொல்லிச் சேர்த்துத்தான் பேசினார். அப்படியும் லேபர் கட்சி அவரை இடைநீக்கம் செய்து, 2024 மார்ச்சில்தான் திரும்பச் சேர்த்தது. ஜெர்மனி இதை ஹமாஸ் அடையாளங்களின் பட்டியலில் சேர்த்தது. அங்குள்ள நீதிமன்றங்களோ ஒன்றுக்கொன்று முரணான முடிவுகளைத் தருகின்றன.

சரி, நீங்க போஸ்ட் போட்டால்? மெட்டாவின் மேற்பார்வை வாரியம் 2024 செப்டம்பரில் மூன்று ஃபேஸ்புக் பதிவுகளைப் பரிசீலித்தது. அதில் ஒன்று தர்பூசணித் துண்டுகளால் இந்த வரியை எழுதிய படம். வன்முறைக்கான அழைப்போ வெறுப்போ கூட இல்லாதபோது, இந்த வரி மட்டுமே விதிமீறல் ஆகாது என்றது பெரும்பான்மை முடிவு. வாரியத்துக்குள்ளேயே சிலர் இதை ஏற்கவில்லை. இந்த முடிவு மெட்டாவின் தளங்களுக்கு மட்டும்தான். உங்க ஆபீஸ் சோஷியல் மீடியா பாலிசியில் என்ன இருக்கிறது என்பது தனி விஷயம்.