கிளார்க் டெரி: ஸ்டூடியோ கதவைத் திறந்த ட்ரம்பெட்

இன்னைக்கு எபிசோட்ல ஒரு வேலை நியமனத்தைப் பத்திப் பேசப் போறோம்.

1960. அமெரிக்காவின் பெரிய டிவி நிறுவனங்களில் ஒன்றான என்பிசி, தன் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு ஒரு ட்ரம்பெட் கலைஞரை மாதச் சம்பளத்துக்கு எடுக்கிறது. பேரு கிளார்க் டெரி. கவுன்ட் பேஸி, டியூக் எலிங்டன்னு ரெண்டு ஜாம்பவான்களோட குழுவிலும் வாசிச்சவர். ஜாஸ் உலகத்துல இதைவிடப் பெரிய பயோடேட்டா கிடையாது. அப்படிப்பட்டவருக்கு ஒரு வேலை கிடைச்சதுல என்ன அதிசயம்னு கேக்கலாம். என்பிசியின் ஸ்டாஃப் இசைக்கலைஞர்களில் முதல் கறுப்பினத்தவர் அவர்தான். அதுதான் விஷயம்.

கொஞ்சம் பின்னாடி போவோம். டெரி பிறந்தது 1920-ல், செயின்ட் லூயிஸ் நகரத்தில். பதினோரு பிள்ளைகள் இருந்த ஏழைக் குடும்பம். பையனுக்கு ட்ரம்பெட் மேல வெறி, வாங்கக் காசில்லை. குப்பைமேட்டுக்குப் போய் ஒரு பழைய தோட்டக் குழாயை எடுத்துச் சுருட்டி, ஒரு முனையில் மண்ணெண்ணெய் ஊற்றும் புனலைச் செருகி, இன்னொரு முனையில் ஒரு துண்டு ஈயக்குழாயை வைத்து ஊதினான். அந்தச் சத்தத்தைத் தாங்க முடியாமலோ, பையன் மேல பாசத்தாலோ, அக்கம்பக்கத்தினர் காசு சேர்த்து அடகுக்கடையிலிருந்து ஒரு நிஜ ட்ரம்பெட்டை வாங்கிக் கொடுத்தார்கள்.

அடுத்து நடந்ததை டெரி வாழ்நாள் முழுக்கச் சொல்லிச் சிரித்திருக்கிறார். ஊரில் இருந்த ஒரு மூத்த கலைஞரிடம் போய், கீழ் ஸ்வரங்களில் நல்ல நாதம் வரணும்னா என்ன செய்யணும்னு கேட்டான் பையன். கண்ணாடி முன்னாடி உட்கார்ந்து, பல்லைக் கடிச்சுக்கிட்டு, இடது காதை ஆட்டுன்னு பதில் வந்தது. பாவம், அதையும் நம்பிப் பயிற்சி செஞ்சிருக்கான்! தொழில் ரகசியம் வெளியே போயிடக்கூடாதுன்னு பெரியவர் விளையாட்டு காட்டியிருந்தார். நமக்குத் தெரிஞ்சதை யார் கேட்டாலும் மறைக்கக் கூடாதுன்னு டெரி அப்பவே முடிவு பண்ணிட்டார். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையின் இசைக்குழு. 1948 முதல் 51 வரை பேஸி. 51 முதல் 59 வரை எலிங்டன். 1957-ல் ஷேக்ஸ்பியர் பாத்திரங்களை வைத்து எலிங்டன் குழு ஓர் ஆல்பம் வெளியிட்டது. அதில் 'பக்' என்ற குறும்புக்காரப் பாத்திரம் டெரிக்கு. நாடகத்தில் பக் பேசும் ஒரு வசனத்தை அவர் ட்ரம்பெட்டாலேயே பேசிக் காட்டுகிறார்!

இவ்வளவு திறமை இருந்தும் என்பிசி கதவு ஏன் மூடியே இருந்தது? அதுக்கு ஸ்டாஃப் இசைக்கலைஞர் வேலை எப்படின்னு தெரியணும். காலையில் விளம்பரப் பாட்டு, மதியம் ஒரு நாடகத்துக்குப் பின்னணி, ராத்திரி ஒரு பாடகருக்குத் துணை. நோட்ஸ் தாள் கைக்கு வந்த சில நிமிஷத்தில் பிசிறில்லாமல் வாசிக்கணும். ஊர் ஊராக பஸ்ஸில் அலைய வேண்டாம், வீட்டிலேயே தூங்கலாம், சம்பளம் நிச்சயம். தென் மாநிலங்களில் பயணம் போனால் தங்க ஹோட்டல் அறைகூடக் கிடைக்காத கறுப்பினக் கலைஞர்களுக்கு, அப்படி ஒரு வேலையின் மதிப்பைச் சொல்லவே வேண்டாம்.

ஆனா, ஆள் எடுப்பது பெரும்பாலும் தெரிந்தவர் மூலமாகத்தான். செயின்ட் லூயிஸ் உட்படப் பல நகரங்களில் இசைக்கலைஞர் சங்கங்களே வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பினத்தவருக்கு ஒன்று என்று பிரிந்து கிடந்தன. கறுப்பினத்தவர் காதால் கேட்டு அருமையா வாசிப்பாங்க, நோட்ஸ் பார்த்து வாசிக்க வராதுன்னு ஒரு சாக்கு வேற ஊருக்குள்ள ஓடிக்கிட்டிருந்தது. எலிங்டன் எழுதுற சிக்கலான இசையை எட்டு வருஷம் வாசிச்ச ஒருத்தர் முன்னாடி அந்தச் சாக்கு நிற்குமா?

கதவு தானாகவும் திறக்கலை. நேஷனல் அர்பன் லீக் என்ற உரிமை அமைப்பு, உங்க ஸ்டாஃப்ல கறுப்பினக் கலைஞர் ஏன் ஒருத்தர்கூட இல்லைன்னு என்பிசியிடம் நேரடியாகக் கேட்டது. அதுக்கப்புறம்தான் டெரிக்கு அழைப்பு வந்தது.

'டுநைட் ஷோ'வின் ஆர்க்கெஸ்ட்ராவில் அவர் உட்கார்ந்தார். அந்த நிகழ்ச்சியில் ஒரு விளையாட்டு உண்டு. பார்வையாளர் யாராவது கேள்விப்படாத ஒரு பாட்டின் பேரைச் சொல்வார். குழு அதை வாசிக்க முடியாமல் திணறணும். டெரி திணற மாட்டார். எழுந்து நின்று, வார்த்தையே இல்லாத ஒரு முணுமுணுப்பை ப்ளூஸ் மெட்டில் பாடிவிடுவார். பார்க்கிறவங்களுக்குச் சிரிப்பு தாங்காது. 1964-ல் ஆஸ்கர் பீட்டர்சனோடு செய்த ஆல்பத்தில் இதே பாணியில் பாடிய 'மம்பிள்ஸ்' பெரிய ஹிட். அதுவே அவருக்குப் பட்டப்பெயராகவும் ஆயிடுச்சு.

1972-ல் நிகழ்ச்சி கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தபோது டெரி நியூயார்க்கிலேயே தங்கிவிட்டார். ஸ்டூடியோவிலும் மேடையிலுமாக அவர் வாசித்த இசைப்பதிவுகள் 900-க்கும் மேல்.

இப்போ அந்தக் காது ஆட்டுற கதைக்கு வருவோம். சியாட்டிலில் பேஸி குழு முகாமிட்டிருந்த நாட்களில், பதின்வயதுப் பையன் ஒருத்தன் டெரியைத் தேடி வந்தான். ராத்திரி முழுக்க வாசித்துவிட்டு வந்த மனுஷன், தூக்கத்தை விட்டுவிட்டு, பையன் பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடி பாடம் சொல்லிக் கொடுத்தார். அந்தப் பையன் குயின்சி ஜோன்ஸ். பின்னாளில் மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' ஆல்பத்தைத் தயாரித்தவர்! மைல்ஸ் டேவிஸும் சின்ன வயசில் டெரியைப் பார்த்து வளர்ந்தவர்தான்.

கடைசி வரை அந்தப் பழக்கம் மாறலை. 90 வயசு தாண்டி, சர்க்கரை நோயால் கால்களை இழந்து, பார்வையும் மங்கிய நிலையில், ஜஸ்டின் காஃப்லின் என்ற பார்வையற்ற இளம் பியானோ கலைஞருக்குப் படுக்கையில் இருந்தபடியே ராத்திரி நேரங்களில் பாடம் எடுத்தார். 2014-ல் வந்த 'கீப் ஆன் கீப்பின் ஆன்' ஆவணப்படத்தில் இதைப் பார்க்கலாம். 2015 பிப்ரவரியில், 94 வயசில் டெரி காலமானார்.

அக்கம்பக்கத்துக்காரங்க சேர்த்த காசில் முதல் ட்ரம்பெட். ஓர் அமைப்பு கேட்ட கேள்வியால் முதல் ஸ்டூடியோ நாற்காலி. தன் திறமை மட்டும் போதலைங்கிறது டெரிக்கு நல்லாத் தெரியும். அதனாலதான் தனக்குக் கிடைச்ச இடத்துல உட்கார்ந்துக்கிட்டே, அடுத்து வர்றவங்களுக்கும் இடம் பண்ணிக் கொடுத்தார்.

இன்னைக்கு ராத்திரி ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டு 'மம்பிள்ஸ்' கேளுங்க. ஒரு வார்த்தைகூடப் புரியாது. சிரிப்பு மட்டும் நிச்சயம் வரும். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!