வீட்டுக் கணினியும் கிளவுட்டும்: ஜோகூரிலிருந்து ஓர் ஒப்பீடு

2020 மார்ச் 18 அன்று மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. ஜோகூர்பாருவிலிருந்து நாள்தோறும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வந்தவர்களில் பலர் அக்கரையிலேயே தங்கிவிட்டார்கள். இரண்டு வாரம் என்று சொல்லித்தான் தொடங்கியது. இடையில் சில பயணத் திட்டங்கள் வந்தாலும், தரைவழி எல்லை முழுமையாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1-இல்தான். இரு கரைகளுக்கும் இடையில் இருப்பது ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான பாலம்தான். அதற்கு இந்தப் பக்கம் மாசாயிலோ ஸ்கூடாயிலோ வீட்டு மேசைக் கணினி. அதற்குள் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் நகல், வீட்டுக் கடன் பத்திரம், வருமான வரிக் கணக்கு, பத்தாண்டுப் புகைப்படங்கள்.

அவற்றை எட்டிப்பிடிக்க அன்றும் இன்றும் இரண்டு வழிகள். வீட்டுக் கணினியை ஓடவிட்டு, வெளியிலிருந்து அதற்குள் நுழைவது ஒன்று. கோப்புகளை முன்கூட்டியே கூகுள் டிரைவ், ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் போன்ற கிளவுட் சேமிப்பகத்தில் ஏற்றிவிடுவது மற்றொன்று. பலரும் வேகத்தையும் கட்டணத்தையும் வைத்தே இவற்றை ஒப்பிடுகிறார்கள். எது, எப்போது, யாரால் நின்றுபோகும் என்பதையே முதலில் கேட்கவேண்டும் என்பது என் கருத்து.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருந்தது. கணினி ஓடிக்கொண்டிருந்தால், கிளவுட்டில் ஏற்றாத கோப்பையும் வேறொரு கணினியின் உலாவியிலிருந்து எடுக்க மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவ் இடம் கொடுத்தது. 2020 ஜூலை 31-உடன் அந்த வசதியை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. எல்லை மூடி நான்கு மாதம் ஆகியிருந்த நேரம் அது. லாக்மீஇன் நிறுவனம், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவிய தன் இலவசச் சேவையை 2014 ஜனவரியிலேயே நிறுத்தியிருந்தது. வீட்டுக் கணினியை நம்புகிறோம் என்று நினைக்கும்போதும், இடையில் நிற்கும் நிறுவனத்தையும் சேர்த்தே நம்புகிறோம்.

அந்த இடையாள் ஏன் தேவைப்படுகிறார்? பழைய ஐபிவி4 முறையில் உலகம் முழுமைக்கும் இருப்பவை ஏறத்தாழ 429 கோடி இணைய முகவரிகளே. ஆசிய பசிபிக் வட்டாரத்தின் கையிருப்பு 2011 ஏப்ரலில் கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. அதனால் இணையச் சேவை நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. அப்படிப்பட்ட வீட்டை வெளியிலிருந்து நேராக அழைக்க முடியாது. வீட்டுக் கணினிதான் முதலில் வெளியே தொடர்புகொண்டு காத்திருக்கவேண்டும். குரோம் ரிமோட் டெஸ்க்டாப், டெயில்ஸ்கேல் போன்றவை அப்படித்தான் இயங்குகின்றன. விண்டோஸின் சொந்த ரிமோட் டெஸ்க்டாப் ஹோம் பதிப்பில் வெளியார் நுழைய இடம் தராது. அதற்கு புரோ பதிப்பு வேண்டும்.

தனி முகவரி இருக்கிறதே என்று ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 போர்ட்டைத் திறந்து வைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. 2019 மே மாதம் மைக்ரோசாஃப்ட் அவசரமாக அடைத்த புளூகீப் என்னும் ஓட்டை, கடவுச்சொல்லே இல்லாமல் அந்தக் கதவு வழியாக உள்ளே வரவிட்டது. ஏற்கெனவே கைவிட்டிருந்த விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட அன்று திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று. 2021 ஏப்ரலில் கியூலாக்கர் என்னும் பணயத் தாக்குதல், க்யூநேப் நிறுவனத்தின் வீட்டுச் சேமிப்புப் பெட்டிகளுக்குள் புகுந்து கோப்புகளைப் பூட்டி, திறக்க 0.01 பிட்காயின் கேட்டது. இணையத்துக்குத் திறந்து வைத்திருந்த பெட்டிகளே மாட்டிக்கொண்டன. இந்தக் காவல் வேலையில் கிளவுட் நிறுவனங்கள் நம்மைவிடத் தேர்ந்தவை; அதில் எனக்கு ஐயமில்லை.

வேகத்தைப் பார்த்தால், வீட்டிலிருந்து கோப்பை எடுக்கும்போது கணக்கில் வருவது வீட்டு இணைப்பின் பதிவேற்ற வேகம். அது 50 எம்பிபிஎஸ் என்றால் ஒரு ஜிபி வந்துசேர மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகும். போதுமானது. மின்சாரமும் பெரிதில்லை: 50 வாட் இழுக்கும் கணினி இரவுபகலாக ஓடினால் மாதம் 36 யூனிட். பெரிய தொல்லை ஜோகூரின் மாலை இடிமழை. மின்னலுக்கு அஞ்சி வீட்டில் யாராவது மோடத்தின் பிளக்கைப் பிடுங்கிவிட்டால், அக்கரையில் இருப்பவருக்கு எல்லாம் போயிற்று. மின்சாரமே துண்டிக்கப்பட்டால், அது திரும்பியதும் கணினி தானே எழும்படி அதன் பயாஸ் அமைப்பில் மாற்றி வைக்கலாம். பலர் அதைச் செய்வதில்லை.

இதுவரை கிளவுட்டின் பக்கமே தராசு சாய்கிறது. ஆனால் மலேசியத் தமிழர் வீடுகளில் வேறொரு வகைக் கோப்பும் இருக்கிறது. முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய முரசு, பின்னர் முரசு அஞ்சலாக வளர்ந்து, நம் தமிழ்ப்பள்ளிகளிலும் கோயில்களிலும் சங்கங்களிலும் தட்டச்சுக்கு அடிப்படையாக இருந்தது. யூனிகோட் பரவுவதற்கு முன் அடித்த கூட்டக் குறிப்புகள், திருவிழா மலர்கள், தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதிய தோட்டத்துக் கதைகள் பழைய குறியாக்கங்களிலேயே கிடக்கின்றன. அவற்றைக் கிளவுட்டில் ஏற்றி சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் இன்னொரு கணினியில் திறந்தால், எழுத்துரு இல்லாத காரணத்தால் தமிழுக்குப் பதில் பொருளற்ற குறிகளே தெரியும். ரிமோட் டெஸ்க்டாப்பில் வருவதோ வீட்டுத் திரையின் படம். எழுத்துரு வீட்டில் இருக்கிறது, பழைய மென்பொருளும் வீட்டில் இருக்கிறது. அக்கரையில் தமிழ் தமிழாகவே தெரிகிறது. கோப்போடு சேர்த்து அதைப் படிக்கும் சூழலும் வேண்டியிருக்கும்போது வீட்டுக் கணினிக்கு ஈடில்லை.

அடுத்து, நின்றுபோனால் யாரிடம் போவது? வீட்டுக் கணினி அணைந்தால் அம்மாவையோ பக்கத்து வீட்டு அண்ணனையோ தொலைபேசியில் அழைத்து, பொத்தானை அழுத்தச் சொல்லலாம். கிளவுட் கணக்கு பூட்டப்பட்டால் அழைக்க ஆளில்லை. சான்பிரான்சிஸ்கோவில் ஒரு தந்தை, மருத்துவருக்கு அனுப்ப எடுத்த மகனின் படத்தைக் கூகுள் சிறார் துன்புறுத்தல் படமாக எடுத்துக்கொண்டதால் தம் கூகுள் கணக்கு முழுவதையும் இழந்தார். காவல்துறை அவர் மீது குற்றமில்லை என்று சொன்ன பிறகும் கூகுள் கணக்கைத் திருப்பித் தரவில்லை. 2022 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் இதை வெளியிட்டது. மின்னஞ்சல், தொடர்பு எண்கள், படங்கள் எல்லாம் ஒரே அறிவிப்பில் போயின.

கிளவுட் என்றால் எங்கோ தொலைவில் என்று ஜோகூர்க்காரர் நினைக்கவும் முடியாது. கூலாயில் ஒய்டிஎல் நிறுவனத்தின் தரவு மையப் பூங்கா, கூலாய் யங் தோட்டமாக இருந்த நிலத்தில் எழுந்திருக்கிறது. செடெனாக்கிலும் நூசாஜெயாவிலும் மேலும் பல மையங்கள். ஆனால் அந்த வாசலில் போய் நின்று நம் கோப்பைக் கேட்க வழியில்லை. பக்கத்தில் இருப்பதால் நம் பிடி கூடிவிடாது.

எல்லை மூடினாலும் உடனே கைக்கு வரவேண்டிய சான்றிதழ்களையும் பத்திரங்களையும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட்ட கிளவுட் கணக்கில் வைப்பேன். படங்களின் மூலப் பிரதியும் பழைய தமிழ்க் கோப்புகளும் வீட்டிலேயே இருக்கட்டும். அவற்றுக்கு ரிமோட் வழி போதும், கூடவே தனியாக எடுத்து வைத்த ஒரு வன்தட்டுப் பிரதி. அந்தப் பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் வேலையை, அவற்றைத் திறக்கத் தெரிந்த அந்தக் கணினி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே முடித்துவிட வேண்டும்.