குருட்டுக் குதிரையும் மரத்திருகும்

மரை கழண்டவன் என்று ஆளைத் திட்டுவோம். அந்த மரையை மரத்தில் வெட்டிய கை யாருடையது என்று தேடிப் போனதில் எழுதியது இது.

தச்சு எங்கள் சாதிக்கு விதித்த தொழில் இல்லை. ஊரில் ஆசாரி தரையில் குந்தி, மரத்தைப் பாதத்தாலும் கட்டைவிரலாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு இழைப்பார். அப்பா ஏர் செப்பனிடப் போனால் பட்டறைக்கு வெளியிலேயே நிற்பார். தொழிற்பயிற்சி நிலையத்தில் தச்சுப் பிரிவில் சேர்ந்த பிறகுதான் நான் பெஞ்சையும் வைஸையும் தொட்டேன். அது இரும்பு வைஸ். ஐரோப்பாவில் அதற்கு முன்னால் பல நூற்றாண்டுகள் திருகும் மரம், அது ஏறி இறங்கும் மரையும் மரம்.

மரத்தில் மரை வெட்டுவது லேசான வேலை இல்லை. மரத்தின் நார் நீளவாக்கில் ஓடுகிறது. மரையின் முகடோ குறுக்கே சுற்றி வருகிறது. அதனால் முகட்டில் நார் துண்டு துண்டாகத்தான் நிற்கும். இரும்பில் வெட்டுகிற மாதிரி நெருக்கமாக, மெல்லிசாக வெட்டினால் பொலபொலவென்று உதிர்ந்துபோகும். ஆகவே பெஞ்சுத் திருகு கைக்கு அடங்காத பருமனில் இருக்கும், மரையும் அகல அகலமாக இருக்கும். மேப்பிள், பீச் மாதிரி நார் நெருங்கிய மரமாகப் பார்த்து எடுப்பார்கள். உருளையாகக் கடைந்து, அதன்மேல் சாய்கோடு சுற்றி வரைந்து, வாளால் கோட்டோடு அறுத்து, உளியால் இருபக்கமும் சரித்து எடுக்க வேண்டும். சிறிய திருகுக்கு வேறு வழி உண்டு. துளையிட்ட கட்டைக்குள் கூரான அலகைப் பொருத்தி, உருளையை அதற்குள் திருகி நுழைத்தால் அலகே மரையைச் சீவிவிடும். முடித்ததும் மாட்டுக் கொழுப்போ தேன்மெழுகோ தடவுவார்கள். மாட்டுக் கொழுப்பு என்றதும் மூக்கைச் சுளிக்கிறவர்கள் சுளித்துக்கொள்ளட்டும். மரத்திருகு கிறீச்சிடாமல் ஓடியது அதனால்தான்.

வெளிமரையை விட உள்மரைதான் பெரிய பாடு. துளைக்குள்ளே கண்ணும் போகாது, உளியும் போகாது. அலெக்சாந்திரியாவின் ஹீரோ கி.பி. முதல் நூற்றாண்டிலேயே இதற்கு ஒரு வழி எழுதியிருக்கிறார். ஏற்கெனவே மரை வெட்டிய ஒரு கட்டையின் நுனியில் இரும்புப் பல் ஒன்றைச் சொருக வேண்டும். சுற்றச் சுற்ற அந்தக் கட்டை தன் மரையின் வழியே சீராக இறங்கும். பல் துளைக்குள் அதே மரையைக் கீறிக்கொண்டு போகும். ஒரு மரை இன்னொரு மரையைப் பெறுகிறது. இயந்திரவியல் பற்றிய அவருடைய அந்தப் புத்தகம் அரபு மொழிபெயர்ப்பில்தான் பிழைத்து வந்தது. அன்றைக்கு இந்தத் திருகு எண்ணெய் பிழியும் அழுத்திகளுக்குப் பயன்பட்டது. தச்சனுடைய பெஞ்சுக்கு வந்து சேர்ந்தது ரொம்பப் பிந்தித்தான்.

இன்று இரண்டு திருகு வைத்த பெஞ்சுப் பிடிக்கு மரவேலைக்காரர்களிடம் ‘மாக்ஸன் வைஸ்’ என்று பெயர். யார் இந்த ஜோசஃப் மாக்ஸன்? லண்டனில் அச்சுக்காரர். நிலப்படமும் உலக உருண்டையும் செய்து விற்றவர். கொல்லு, தச்சு முதலிய கைத்தொழில்களை விளக்கி 1670களின் கடைசியில் மாதவாரித் தொகுதிகளாக அச்சிட்டார். தச்சுக்கான படங்களில் பலவற்றை ஃபெலிபியன் என்ற பிரெஞ்சுக்காரரின் 1676ஆம் வருஷப் புத்தகத்தைப் பார்த்துப் போட்டுக்கொண்டார். வைஸுக்குப் பெயர் கொடுத்தவர் தச்சர் இல்லை. அதைச் செய்து, அதில் மரம் மாட்டி வயிறு கழுவியவர்களின் பெயர் அதில் கிடையாது.

மாக்ஸனைச் சும்மா கரித்துக்கொட்ட நான் வரவில்லை. கைத்தொழில் இழிவு என்று நினைத்த கனவான்களிடம் அது இழிவில்லை என்று வாதாடியவர் அவர். எப்படி வாதாடினார் என்பதில்தான் சங்கதி இருக்கிறது. வேலைக்காரர்கள் சிலர் அழுக்காய்க் கிடப்பதற்காகக் கைவேலையை வெறுக்கலாமா, குருட்டுக் குதிரை இழுக்கிறது என்பதற்காக ஆலையை வெறுப்போமா என்கிற பாணியில் முன்னுரையில் கேட்கிறார். ஆலைக்கு மரியாதை கிடைத்துவிட்டது. குதிரை குருட்டுக் குதிரையாகவே நிற்கிறது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. பறை உயர்ந்த கலை, தோல்வேலை உன்னதக் கைத்திறன் என்று மேடையில் பேசிவிட்டு, அடிக்கிறவனையும் தைக்கிறவனையும் வாசலிலேயே நிறுத்துகிற ஆட்களை எத்தனை பேரைப் பார்த்துவிட்டோம்! சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையும் பிரித்து அடுக்குகிறது என்று பாபாசாகேப் 1936இல் எழுதியது இந்த ஆட்களுக்கும் சேர்த்துத்தான்.

ஏறக்குறைய நூறு வருஷம் கழித்துப் பாரிஸில் ஒரு குதிரை வாய் திறந்தது. ஆந்த்ரே ஜாக்கோப் ரூபோ, 1739இல் பிறந்தவர், தச்சர் மகன், தானும் தச்சர். ப்ளொந்தெல் என்ற கட்டடக் கலைஞர் காசு வாங்காமல் அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். விஞ்ஞான அகாதெமி தொழில்களைப் பற்றி வெளியிட்டுவந்த வரிசையில், 1769 தொடங்கி ரூபோவின் தச்சு நூல் பாகம் பாகமாக வெளிவந்தது. 380க்கும் மேற்பட்ட படத்தகடுகள். படங்களை அவரே வரைந்தார், பலவற்றைச் செம்பில் அவரே செதுக்கவும் செய்தார். பெஞ்சின் காலோடு சேர்ந்த மரத்திருகுப் பிடி அதில் இருக்கிறது. ஜெர்மன் பாணிப் பெஞ்சும் இருக்கிறது. அந்த அகாதெமிக்கு வேறு தொழில்களைப் பற்றி எழுதிக்கொடுத்தவர்களில் பலர் பட்டறைக்குப் போய்க் கேட்டு எழுதிய படித்த கனவான்கள். ரூபோ கேட்டு எழுத வேண்டியிருக்கவில்லை.

1800ஐ ஒட்டி லண்டனில் ஹென்றி மாட்ஸ்லி மரை வெட்டும் கடைசல் இயந்திரத்தைச் செம்மைப்படுத்தினார். 1841இல் விட்வொர்த் மரைக்கு அளவு வகுத்தார். இரும்புத் திருகு மலிந்தது, மரத்திருகு மெல்ல மெல்ல மூலைக்குப் போனது.

ரூபோ பிற்பாடு மாஸ்டர் ஆனார், 1791இல் இறந்தார். ஆனால் 1769ஆம் வருஷ முதல் பாகத்தின் முகப்பில் அவர் பெயருக்குக் கீழே அச்சாகியிருப்பது மாஸ்டர் என்றில்லை, அறிஞர் என்றுமில்லை. ‘கம்பான்யோன்’ என்று இருக்கிறது. இன்னொருவர் பட்டறையில் கூலிக்கு வேலை செய்கிற தச்சர் என்று அர்த்தம்.