வலி போனதும் மறந்துபோகும் டியூப் - டி.ஜே. ஸ்டென்ட்டின் கதை

திண்டுக்கல் பக்கம் யாருக்காவது கிட்னியில் கல் என்றால், முதல் பழி உப்புத் தண்ணீர் மேல்தான் விழும். ஆனால் எந்தத் தண்ணீர் என்பதைவிட எவ்வளவு தண்ணீர் என்பதுதான் பெரிய விஷயம். வெயிலில் வேர்த்து வேலை செய்துவிட்டு, சாயங்காலம் வரை ஒரு சொம்பு தண்ணீர்கூடக் குடிக்காதவருக்குச் சிறுநீர் கெட்டிப்பட்டு உப்புகள் கல்லாகப் படியும்.

கல்லை எடுத்த பிறகு பலருக்கு உள்ளே மெல்லிய டியூப் ஒன்றை வைத்து அனுப்புவார்கள். அதுதான் டி.ஜே. ஸ்டென்ட். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாய் வீங்கி அடைத்துக்கொள்ளாமல் வழியைத் திறந்து வைப்பதே இதன் வேலை.

1967-ல் அமெரிக்க மருத்துவர் ஜிம்ஸ்கிண்டும் அவருடைய குழுவினரும் கத்தி வைக்காமல், சிறுநீர் வரும் வழியாகவே சிலிக்கான் டியூபை உள்ளே வைத்துக் காட்டினார்கள். நல்ல யோசனைதான். ஆனால் நேரான டியூப் எதில் பிடித்து நிற்கும்? சில சமயம் கீழே நழுவியது, சில சமயம் மேலே ஏறிவிட்டது! 1970-களில் கிப்பன்ஸ் என்பவர் டியூபில் முள் போன்ற பிடிகளை வைத்துப் பார்த்தார். நழுவுவது குறைந்தது, ஆனால் டியூப் பருத்துப்போய் உள்ளே நுழைப்பது கஷ்டமானது. கடைசியில் 1978-ல் ராய் ஃபின்னி இரண்டு முனைகளையும் 'ஜே' எழுத்து மாதிரி வளைத்தார். ஒரு கொக்கி சிறுநீரகத்தில், மற்றொன்று சிறுநீர்ப்பையில். உள்ளிருக்கும் கம்பியை உருவியதும் முனைகள் தானாகச் சுருண்டுகொள்ளும். 'டபுள் ஜே' என்ற பெயர் வந்தது இப்படித்தான்.

நழுவும் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது. மற்ற தொல்லைகள் தீரவில்லை. கீழ் முனை சிறுநீர்ப்பையில் உரசுவதால் அடிக்கடி போகவேண்டும் போலிருக்கும், எரியும், ரத்தமும் கலந்து வரலாம். சிறுநீர் கழிக்கும்போது விலாவில் சுருக்கென்று வலிக்கும். மேலே திரும்பாமல் தடுக்கும் வாசலை டியூப் திறந்தே வைத்திருப்பதால் சிறுநீர் பின்னோக்கி ஏறுவதுதான் காரணம். இந்த அவஸ்தையை அளப்பதற்கென்றே ஒரு கேள்வித்தாளை பிரிட்டனில் ஜோஷி குழுவினர் வெளியிட்டது 2003-ல். டியூப் வந்து 25 வருடம் கழித்து! அதுவரை நோயாளி சொன்னால் "அப்படித்தான் இருக்கும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

இதைவிடப் பெரிய ஆபத்து, டியூப் மேலேயே கல் படிவது. 1991-ல் வெளியான ஓர் ஆய்வில், 6 வாரத்துக்குள் எடுத்த ஸ்டென்ட்களில் 9.2 சதவீதத்தில்தான் படிவு இருந்தது. 6 முதல் 12 வாரம் என்றால் 47.5 சதவீதம். 12 வாரம் தாண்டினால் 76.3 சதவீதம். வட்டிகூட இவ்வளவு வேகமாக ஏறாது.

நேரத்தோடு போனால் சில நிமிடத்தில் எடுத்துவிடலாம். வருடக்கணக்கில் விட்டால் டியூப் உள்ளேயே உடையும், ஒன்றுக்கு மேற்பட்ட ஆபரேஷன் தேவைப்படும், சத்தமில்லாமல் ஒரு சிறுநீரகமே செயலிழந்து போகலாம். இந்திய மருத்துவ இதழ்களில் 'மறக்கப்பட்ட ஸ்டென்ட்' பற்றிய கட்டுரைகள் நிறையவே வந்திருக்கின்றன.

ஏன் மறக்கிறார்கள்? கல் வலி போய்விட்டது, திரும்ப எதற்குப் போகவேண்டும் என்ற நினைப்பு. திண்டுக்கல்லிலிருந்து மதுரை சுமார் 60 கிலோமீட்டர். அங்கே போய் ஆபரேஷன் செய்துகொண்ட கூலித் தொழிலாளிக்கு, டியூபை எடுக்க மறுபடி போவது என்றால் ஒரு நாள் கூலி நஷ்டம், பஸ் செலவு, துணைக்கு ஓர் ஆள். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஸ்டென்ட் பற்றி இருப்பதோ இங்கிலீஷில் ஒரு வரி. உள்ளே டியூப் இருப்பதே தெரியாமல் வீட்டுக்குப் போனவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்?

தூரம் ஓரளவு குறைந்திருக்கிறது. 2022 ஜனவரி 12 அன்று தமிழகத்தில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் திண்டுக்கல்லும் ஒன்று. ஆனால் மறதிக்கு மருந்து வேறு. யாருக்கு, என்றைக்கு வைத்தது, எப்போது எடுக்கவேண்டும் என்று ஒரு ரிஜிஸ்டர், தேதி தாண்டினால் ஒரு போன். மளிகைக் கடைக் கடன் நோட்டில் இருக்கும் அதே மூன்று விவரம்தான். கம்ப்யூட்டரில் இப்படிக் கணக்கு வைத்து நினைவூட்டும் ஆஸ்பத்திரிகளும் இருக்கின்றன. அந்த வசதி இல்லாத இடத்தில், எடுக்கவேண்டிய தேதியைத் தமிழில் எழுதித் தரச் சொல்லி நோயாளியே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.