பூச்சும் வார்ப்பும்

சரித்திரம் எழுதுகிறவர்களுக்கு மேற்பூச்சின் மீது ஒரு மோகம் இருக்கிறது. 1912 ஏப்ரலில் டைட்டானிக் கப்பலோடு மூழ்கியவர்களில் பிரான்சிஸ் மில்லெட் என்ற அமெரிக்க ஓவியரும் ஒருவர். 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியின் அலங்காரப் பொறுப்பு அவருடையது. பிளாஸ்டரும் நாரும் கொண்டு எழுப்பிய அந்தத் தற்காலிக மாளிகைகளுக்குத் திறப்பு நாளுக்குள் வெள்ளை பூசியாக வேண்டும். தூரிகை போதவில்லை. அழுத்தப்பட்ட காற்றால் பீச்சி அடித்தார்கள். பின்னாளில் கப்பல் தளங்கள்வரை போன ஸ்பிரே பெயிண்டிங்கின் தந்தை என்று மில்லெட்டைச் சொல்வது இதனால்தான். ஆனால் 1887இலேயே அதே ஊரில், மார்ஷல் ஃபீல்டு நிறுவனத்தின் பராமரிப்பு மேற்பார்வையாளர் ஜோசப் பிங்க்ஸ் கைப்பம்பு வைத்து நிலவறைச் சுவர்களுக்கு வெள்ளையடித்துவிட்டார். ஓவியருக்கு வாஷிங்டனில், உடன் இறந்த நண்பரின் பெயரோடு, ஒரு நீரூற்றே நினைவுச் சின்னமாக நிற்கிறது.

டைட்டானிக்கின் மூத்த சகோதரி ஒலிம்பிக். 1910 அக்டோபர் 20 அன்று பெல்ஃபாஸ்டில் நீரில் இறங்கியபோது அதன் உடலுக்கு வெளிர்நிறம் பூசியிருந்தார்கள், புகைப்படத்தில் எடுப்பாகத் தெரிவதற்காக. பிறகு கறுப்பு. (மதிப்புரைக்காரரை மனதில் வைத்தே எழுதப்படும் நாவல்கள் நம்மிடையேயும் உண்டு.)

எனக்கு முக்கியமாகப் படுவது தண்ணீருக்குள் போய்விட்ட பகுதி. இவ்விரு கப்பல்களின் பின்சட்டத்தையும் சுக்கானையும் வார்த்தது இங்கிலாந்தின் டார்லிங்டன் வார்ப்பாலை. பின்சட்டம் மட்டும் 70 டன். சுக்கான் 100 டன்னுக்கு மேல். எஃகு ஆறும்போது சுருங்கும். அதனால் மர மாதிரியை அடிக்குக் கால் அங்குலம் வீதம் பெரிதாகச் செதுக்க வேண்டும். இல்லாத ஒரு பெரிய பொருளைக் கண்ணில் வைத்துக்கொண்டு, வரப்போகும் சிறியதற்கு வேலை செய்வது. மாதிரியை மண்ணில் பதித்து எடுத்து, அந்த வெற்றிடத்தில் எஃகை ஊற்றி, ஆறியபின் மண்ணச்சை உடைத்தால்தான் பண்டம் வெளியே வரும். உள்ளே காற்றுக்குமிழி தங்கியிருந்தால் வெளியே தெரியாது. எந்தப் பூச்சும் அதைச் சரிசெய்யாது. இதைச் செய்தவர்களின் பெயர்களை நான் படித்த டைட்டானிக் புத்தகங்கள் எதிலும் காணோம்.

இரு கப்பல்களையும் ஆள்மாறாட்டம் செய்து, மூழ்கியது உண்மையில் ஒலிம்பிக்தான் என்று ஒரு கதை இன்னும் உலவுகிறது. பெயரைப் பூசி மறைத்துவிட்டால் போதும் என்பது அதன் தர்க்கம். 1985இல் சிதைவு கண்டுபிடிக்கப்பட்டது, ஏறத்தாழ 3,800 மீட்டர் ஆழத்தில். உடலெங்கும் துரு தொங்குகிறது. வெண்கலம் துருப்பிடிப்பதில்லை. புரொப்பெல்லரின் ஓர் இதழில் எண் இன்னும் படிக்கக் கிடைக்கிறது: 401. தளத்தில் டைட்டானிக்கின் எண் அது. ஒலிம்பிக்கினுடையது 400.