இரட்டைப் பொருளாதாரக் கோட்பாடும் மாத்தளையின் வரலாறும்: வஹகோட்டையை முன்னிறுத்திச் சில குறிப்புகள்

இலங்கைப் பொருளாதாரம் பற்றி எழுதியோரிற் பலர் அதனை இரு கூறுகளாகவே கண்டனர். ஒருபுறம் மூலதனமும் இயந்திரமும் உலகச் சந்தையும் கொண்ட நவீன பெருந்தோட்டத் துறை. மறுபுறம் நெல்லையும் சேனையையும் மாத்திரமே அறிந்த மரபுவழிக் கிராமத் துறை. இந்தோனேசிய அனுபவத்தை ஆதாரமாகக் கொண்டு ஒல்லாந்த அறிஞர் பூக்கே வகுத்த இக்கோட்பாடு, 1954இல் ஆதர் லூயிஸ் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் வேறொரு வடிவம் பெற்றது. இலங்கையின் ஏற்றுமதிப் பொருளாதாரம் பற்றி 1966இல் டொனால்ட் ஸ்னொட்கிராஸ் எழுதிய நூலிலும் இதன் செல்வாக்கைக் காண்கிறோம். மாத்தளை மாவட்டத்தின் வரலாற்றோடு பொருத்தி நோக்குமிடத்து இப்பகுப்பு எவ்வளவு தூரம் நிலைக்கும் என்பதே ஈண்டு நாம் எழுப்பும் வினா.

மாத்தளை நகருக்கு வடக்கே, கலேவெலைப் பகுதியில் உள்ள சிற்றூர் வஹகோட்டை. மலைநாடு தாழ்ந்து உலர்வலயம் தொடங்கும் எல்லை அது. பொருளியலாளரின் வரைபடத்தில் இவ்வூர் ஐயத்துக்கிடமின்றி மரபுவழித் துறையிலேயே அடங்கும். ஆனால் இங்கு வாழும் கத்தோலிக்கக் குடிகள் போர்த்துக்கேயரின் வழிவந்தோராகக் கருதப்படுவோர். கரையோரத்தில் ஒல்லாந்தர் கத்தோலிக்க சமயத்தை ஒடுக்கிய காலத்திற் கண்டி இராச்சியம் அச்சமயத்தாருக்குப் புகலிடமாயிற்று. இங்குள்ள புனித அந்தோனியார் ஆலயம் அவ்வரலாற்றின் எச்சம். கறுவாவுக்காக ஐரோப்பிய வல்லரசுகள் பொருதியதன் விளைவுகளுள் ஒன்றான குடியிருப்பை வெளியுலகறியாத கிராமம் என்று வகைப்படுத்துவது எங்ஙனம்?

வஹகோட்டைக்குச் சற்றுக் கிழக்கே தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளைக்குச் செல்கிறது பழைய வடக்குப் பாதை. மன்னார்க் கரையில் இறங்கிய தமிழகத் தொழிலாளர் கோப்பித் தோட்டங்களை நோக்கி நடந்த வழி இதுவே. 1841 முதல் 1848 வரை வந்தோரிற் காற்பங்கினர், ஏறத்தாழ 70,000 பேர், மாண்டனர் எனக் கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை 1849இற் கணக்கிட்டது. இத்தொகை மிகையானது என்று கொள்ளும் ஆய்வாளரும் உளர். தொகை எதுவாயினும், 'தொழிலாளர் நிரம்பல்' என்று பாடநூல்கள் ஒரு சொற்றொடரிற் கடந்து செல்வது இந்த நடையைத்தான்.

கிராமத்தவர் தோட்டக் கூலிக்கு வர மறுத்ததை அக்காலத் துரைமார் சோம்பல் என்றனர். பிற்காலப் பொருளியல் நூல்களில் அதுவே 'பின்வளையும் நிரம்பல் வளையி' எனப் பட்டாடை உடுத்துக்கொண்டது. உண்மை வேறு. கண்டிக் கிராமத்தவர் கோப்பித் தோட்டங்களுக்காக ஒப்பந்த அடிப்படையிற் காடு வெட்டினர். தம் வீட்டுத் தோட்டங்களிற் கோப்பி பயிரிட்டு விற்றனர். ஏற்றுமதியில் அக்கிராமக் கோப்பிக்குக் கணிசமான பங்கிருந்தது. சொந்த நிலமுள்ள ஒருவன், பிரட்டுக்கு நின்று அற்பக் கூலி பெறும் வாழ்வை ஏற்காமை சந்தையை அறியாமையாகாது. சந்தையை நன்கறிந்தமையே ஆகும்.

அந்நிலத்தின் மீதே அரசு கைவைத்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், உறுதி காட்ட இயலாத காட்டையும் சேனையையும் முடிக்குரியதாகக் கொள்ள வழிவகுத்தது. 1848இல் தேசாதிபதி டொரிங்டன் துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி விதித்தார். வளர்ந்த ஆடவர் ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை செய்யவோ அதற்கீடாகப் பணம் கட்டவோ வேண்டுமென்றும் விதிக்கப்பட்டது. அவ்வாண்டு யூலையில் கொங்காலேகொட பண்டா தம்புள்ளையில் முடிசூட்டப்பட்டதும், மாத்தளையில் அரசாங்கக் கட்டடங்கள் தாக்கப்பட்டதும், ஆகஸ்டில் புரன் அப்பு சுட்டுக்கொல்லப்பட்டதும் யாவரும் அறிந்தவை. இரு துறைகளும் ஒன்றையொன்று தொடாது நின்றன என்பார்க்கு இக்கலகம் விளக்க முடியாத புதிராகவே இருக்கும்.

இனி, நவீனத் துறையின் நவீனத்தை நோக்குவோம். 1869இல் இலைநோய் கண்டறியப்பட்ட பின் கோப்பி படிப்படியாக அழிந்து தேயிலை வந்தது. ஆலைக்குள் உருட்டும் இயந்திரமும், பெல்பாஸ்ற் நகரின் டேவிட்சன் கொம்பனி செய்த 'சிறோக்கோ' உலர்த்தியும் புகுந்தன. 1880இல் மாத்தளைக்குப் புகைவண்டி வந்தது. ஆனால் ஆலைக் கதவுக்கு வெளியே, மலைச்சரிவிற் கருவி யாது? பெண்ணின் விரல்கள், முதுகிற் கூடை, கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி. கோப்பி அறுவடைக்கு வந்து ஊர் திரும்பிய ஆண்களின் இடத்தில், ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க வேண்டிய தேயிலை, குடும்பங்களை லயத்தில் நிலைநிறுத்தியது. அவர்களைக் கட்டிவைத்தது கூலிச் சந்தையன்று. கங்காணியின் முற்பணமும், கடன் தொகை பொறித்த 'துண்டு'ம். அத்துண்டு முறை 1921இலேயே ஒழிக்கப்பட்டது. ஆகவே இரட்டைத்தன்மை என ஒன்று உண்டெனில், அது தோட்டத்துக்கும் கிராமத்துக்கும் இடையில் அன்று, தோட்டத்துக்குள்ளேயே, ஆலைக்கும் மலைக்கும் இடையிலேயே இருந்தது என்பது நமது துணிபு.

லூயிஸுக்கு நாம் அநீதி இழைத்தலாகாது. பிழைப்பூதியத் துறையின் உற்பத்தித்திறன் உயராதிருப்பதிற் பெருந்தோட்ட முதலாளிகளுக்கு நேரடி நலனுண்டு என்பதை அவர் அக்கட்டுரையிலேயே வெளிப்படையாகக் கூறியுள்ளார். அவரைப் பாடமாக்கியோரே அப்பகுதியை மறந்தனர். 1982இல் எஸ். பி. டி. டி சில்வா குறைவிருத்தியின் அரசியற் பொருளாதாரம் பற்றி வெளியிட்ட பெருநூல் இவ்விடத்தில் ஒரு திருப்பம். மலிவான உழைப்பு உள்ளவரை நுட்பத்தை மாற்றும் நிர்ப்பந்தம் தோட்டத்துக்கு இல்லை. அதன் இலாபத்தை வணிக மூலதனமும் முகவர் நிலையங்களும் ஆண்டன என்று அவர் வாதிட்டார். அவரின் எல்லா முடிபுகளையும் ஏற்க வேண்டியதில்லை; எனினும் பெருந்தோட்டத்தை நவீனம் என்று அழைக்கும் பழக்கம் அந்நூலுக்குப் பின் தர்க்கபூர்வமாக நிலைக்கவில்லை.

பெயர்கள் ஏட்டோடு நிற்பதில்லை. 'நிரம்பல்' எனக் கணக்கிடப்பட்ட மக்களை, வந்து போகும் தொகையாகவே 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் கண்டது; பெரும்பாலானோர் நாடற்றோராயினர். 2023 யூலை, ஆகஸ்ட் மாதங்களில் மலையக மக்களும் அவர்தம் நண்பர்களும் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தபோது, இருநூறாண்டு வரலாற்றை நினைவுகூர்ந்ததோடு சம உரிமைக் கோரிக்கைகளையும் முன்வைத்தனர்.

அதற்கு இரண்டாண்டு முன்னர், 2021 மார்ச்சில், நாட்கூலி 1,000 ரூபா என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. பெருந்தோட்டக் கம்பனிகள் நீதிமன்றத்தை நாடின. நாட்கூலி முறை காலங்கடந்தது, விளைவுக்கேற்ற கொடுப்பனவே நவீனமானது என்று வாதிட்டன. பல தோட்டங்களில் ஒரு நாட்பேருக்குரிய கொழுந்தின் நிறை உயர்த்தப்பட்டது. அந்நிறையை எட்டாதவருக்கு, முன்போலவே, அரைப்பேர் போடப்பட்டது.